கூடத்தில் முளைத்த மைதானம்

ததேயுஸ் ஐந்தாவது கிளப்புக்கு ஆடப் போன வருடம், ஜூலை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, மேலமணல்துறையில் அவன் வீட்டுக் கூடத்தில் புல் முளைத்தது. டெல்பின் தேயிலைத் தண்ணீரை அடுப்பில் வைக்கப் போனபோது டைல்ஸ் தரை எப்போதும்போல வழுவழுப்பாகத்தான் இருந்தது. அது கொதித்து, வடிகட்டி, கிளாஸோடு அவள் திரும்பி வருவதற்குள் வாசல் நிலையிலிருந்து அடுக்களை நிலைவரை ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை எழும்பி நின்றது. அவள் நடுவில் போய் நின்றாள். பாதம் குளிர்ந்தது. புல்நுனியெல்லாம் பனித்துளி இருந்தது. கடலுக்கு நூறடி தள்ளியிருந்த அந்த ஊரில் ஜூலையில் யாரும் பனியைப் பார்த்ததில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. கல்யாணமான ஏழு வருடங்களில் நான்கு ஊர்களில் ஒன்பது வாடகை வீடுகளில் இருந்துவிட்டவளுக்கு, ஒரு தரை இன்னொரு தரையாக மாறுவது புதிதாகத் தோன்றவில்லை. ததேயுஸ் இடதுபக்கப் பின்வரிசை ஆட்டக்காரன், லெஃப்ட் பேக். கோவாவில் ஒரு சீசன் ஆடினான், கிளப்பையே கலைத்துவிட்டார்கள். கல்கத்தாவில் இரண்டு சீசன் ஆடினான், புதிதாக வந்த பயிற்சியாளருக்கு அவனைப் பிடிக்கவில்லை. புனேயில் சீசன் பாதியில் வேறொருவனை எடுத்தார்கள். பெங்களூரில் ஒப்பந்தத்தை நீட்டுவோம் என்று மே மாதக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் டெல்பின் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள், ஒவ்வொரு முறையும் புது ஊரில் அவற்றை எடுத்து அடுக்கினாள், கடைசி இரண்டு ஊர்களில் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை.

மகள் ரியோனா கொங்கணியில் சிரிக்கக் கற்று, வங்காளத்தில் சண்டைபோடக் கற்று, மராட்டியில் எண்ணக் கற்று, கன்னடத்தில் வகுப்பு டீச்சரிடம் தண்ணீர் கேட்க எழுந்து நின்ற ஒரு நாளில் எந்தச் சொல் எந்த ஊருக்குரியது என்று தெரியாமல் திகைத்து, வாயை மூடிக்கொண்டவள் மூன்று மாதம் திறக்கவே இல்லை. அப்போதுதான் கணவனும் மனைவியும் பேசி, இனி அவன் மட்டும் போவது, தாயும் மகளும் ஊரில் இருப்பது என்று முடிவு செய்தார்கள். ஐந்தாவது கிளப் பஞ்சாபில் இருந்தது. அவன் அங்கே போய்ச் சேர்ந்த காலையில்தான் இங்கே புல் வந்தது.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மெற்றில்டா. மீன் விற்பவள், நாலு ஆடு வளர்ப்பவள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மோளே, சிமெண்டு சரியில்ல. கொத்தனாரைக் கூப்பிடு" என்றாள். கொத்தனார் வந்து ஒரு டைலைப் பெயர்த்தார். அடியில் சிமெண்டு காய்ந்து கெட்டியாக இருந்தது, புல் டைலின் பளபளப்பிலேயே வேர்விட்டிருந்தது. அவர் டைலைத் திரும்ப ஒட்டிவிட்டு, தன் வேலையில் குறையில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். மெற்றில்டா தன் ஆடுகளை ஓட்டி வந்து பார்த்தாள். அவை வாசலில் வரிசையாக நின்று முகர்ந்தன, ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை. ஊரின் பழைய ஆட்டக்காரரும் மீனவர் விளையாட்டு மன்றத்தின் பயிற்சியாளருமான கஸ்பார் மாஸ்டர் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிக் கடித்துப் பார்த்து, "இது நம்ம புல்லு இல்ல. குளிரு ஊருப் புல்லு. லூதியானாவுல இப்படித்தான் கசக்கும்" என்றார். பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பி நடந்தார், பிறகு சுவரோரமாக உட்கார்ந்து தேநீர் குடித்தார். மந்திரித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளும் வந்து நடந்தார்.

இரண்டாவது வாரத்தில்தான் அந்தப் புல் எதற்கு வந்தது என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, டெல்பின் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்குப் பக்கத்தில் சுவரையொட்டிப் புல் அழுந்தியது. ஒரு தடம். அடுத்து இன்னொரு தடம். பூட்ஸின் முளைகள் குத்திய சின்னச்சின்னக் குழிகளோடு தடங்கள் சுவரோரமாக முன்னே ஓடின, நின்றன, பின்னால் வந்தன. ததேயுஸின் கால் பெரியது. கூடத்தில் பதிந்த தடமோ ரியோனாவின் காலளவுதான் இருந்தது. அங்கே நூறு மீட்டர் ஓடியது இங்கே பதினெட்டு அடிக்குள் எப்படி அடங்கியது என்று கஸ்பார் மாஸ்டர் நூல் பிடித்து ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு, அடங்குகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறியதும் தடங்களும் எதிர்ச்சுவருக்கு, குளிர்சாதனப் பெட்டி நின்ற பக்கத்துக்கு மாறின. ரியோனா அவற்றின் பின்னாலேயே போய்க் குனிந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் சொல்லைச் சொன்னாள்.

"பப்பா."

அன்றிலிருந்து ஆட்டமுள்ள நாட்களில் ஊர் அந்த வீட்டில் கூடியது. அவன் ஆடிய கிளப்புகளின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. வலை பின்னுகிறவர்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு வந்தார்கள், பெண்கள் பூண்டு உரிக்க எடுத்துக்கொண்டு வந்தார்கள், எல்லோரும் நடுவைக் காலியாக விட்டு நாலு சுவரோரமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். பந்து தெரியாது, எதிராளி தெரியாது, கோல் விழுந்ததும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு மனிதனின் இரண்டு கால் தடம். அதையே பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் படிக்க வந்துவிட்டது. தடம் ஆழமாகக் குத்தினால் எவனையோ மறிக்கிறான். ஒரே இடத்தில் துள்ளினால் தலையால் முட்டுகிறான். மெதுவாகப் பின்னால் நடந்தால் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் புல் சேறாகி, கூடத்திலிருந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அவனிடம் சொன்னபோது சிரித்தான். போனில் படம் எடுத்து அனுப்பினாள். படத்தில் டைல்ஸ்தான் தெரிந்தது. மே மாதம் அவன் ஊருக்கு வந்து வாசற்படியில் கால் வைத்த நொடியில் புல் போய்விட்டது. அவன் இருந்த ஐந்து வாரமும் தரை தரையாக இருந்தது. "எல்லாரும் சேந்து என்னைக் கேலி பண்ணுதீங்க" என்று கஸ்பார் மாஸ்டரின் தோளில் தட்டினான். ஜூனில் அவன் ஷில்லாங் கிளப்புக்குப் போனான். மறுபடி முளைத்தது. இந்த முறை கரும்பச்சை, மலைமண் வாசனை.

அந்த வருடத்தில்தான் டெல்பின் ஒன்றைக் கண்டாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தடங்கள் வரவே இல்லை. சுவரோரத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு சாண் அளவுக்குப் புல் அழுந்தி, தொண்ணூறு நிமிடமும் அப்படியே கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். பிறகு அவன் போன் செய்தான்.

"ஆட்டம் எப்படி?" என்று கேட்டாள்.

"நல்லா ஆடினேன். எழுபது நிமிசம் ஆடினேன். பிறகு கோச்சு ரெஸ்டு குடுத்தாரு."

அவள் அந்த அழுந்திய இடத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லது. சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் அவள் வீடு வீடாகப் போய், இந்தப் புல்லைப் பற்றி இனிமேல் அவரிடம் யாரும் பேசக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அவன் நம்பாதது நல்லதாகப் போயிற்று. பங்குச் சாமியாரிடம் மட்டும் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டாள். "சாமி, புருசன் மறைக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு, தெரியாத மாதிரி பேசுறது பாவமா?"

சாமியார் ஒரு முறை கூடத்தைக் குறுக்கே நடந்து வந்து சொன்னார்: "நான் இருபது வருசமா பாவசங்கீர்த்தனத்துல ஊரு பாவமெல்லாம் கேக்குறேன். தெரிஞ்சதை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்குறதும் ஒரு வேலைதாம்மா. வலிக்கும். செய்யி."

ஊர் முழுவதும் அந்த வேலையைச் செய்தது. அவன் போன் செய்யும்போது மெற்றில்டா குறுக்கே புகுந்து, "நல்லா ஆடுதியாமே மோனே!" என்று உரக்கச் சொல்வாள். சொல்லிவிட்டு வெளியே போய் ஆட்டைத் திட்டுவாள்.

மூன்றாவது வருடம் மறுபடியும் கல்கத்தா. ததேயுஸுக்கு முப்பத்திரண்டு வயதாகியிருந்தது. தடங்கள் அரிதாக வந்தன. வந்தாலும் இடது தடம் ஆழமில்லாமல், தயங்கித் தயங்கிப் பதிந்தது. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை டெல்பின் எழுந்து வந்தபோது புல்லே இல்லை. டைல்ஸ் தரை சுத்தமாக மின்னியது. அவள் வாசலுக்கு ஓடிப் பார்த்தாள், அவன் வந்துவிட்டானோ என்று. தெரு காலியாக இருந்தது. போன் செய்தாள். "பிராக்டிஸுக்குப் போறேன் டெல்பின், பிறகு பேசுதேன்" என்றான். குரலுக்குப் பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்டது.

நாலு நாள் தரை வெறுமையாகக் கிடந்தது. அந்த நாலு நாளும் மெற்றில்டா தன் பாயை எடுத்து வந்து அங்கேயே படுத்தாள். ஏன் என்று சொல்லவில்லை, டெல்பினும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அறுத்த நெல்லின் தாள் முளைத்தது. மஞ்சளாய், வரிசை வரிசையாய், கத்திபோல் குத்தும் தாள். பள்ளிக்கூடம் போக ஓடி வந்த ரியோனா ஐயோவென்று ஒற்றைக் காலில் நின்றாள். கஸ்பார் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் நிமிரவில்லை.

"மலப்புறம் பக்கம். அறுவடை முடிஞ்ச வயல்ல ஏழு பேரு டீம் ஆடுவாங்க, செவன்ஸ். கிளப்பு விட்டவங்க அங்க போயித்தான் ஆடுவாங்க" என்றார். "கால்முட்டு போனவன் ஆடுற இடம் இல்ல அது. மிதிச்சுப்போடுவாங்க."

அந்தச் சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் தாளுக்கு நடுவே தடங்கள் வந்தன. வலது கால் பதிந்தது, இடது கால் இழுத்துக் கீறியது. சுவரோரம் போயிற்று, திரும்பியது, இன்னொரு முறை போயிற்று. பிறகு கூடத்தின் நடுவில், கொஞ்சம் இடதுபக்கமாக, தாள் மொத்தமாக மடிந்து ஒரு குழந்தை உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாயிற்று. விழுந்திருந்தால் தாள் சிதறியிருக்கும். சிதறவில்லை. அவன் ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டான்.

எழுவான் என்று ஒரு நிமிடம் பார்த்தார்கள், இரண்டு நிமிடம் பார்த்தார்கள். பூண்டு உரித்த கைகள் நின்றன. அப்போது ரியோனா எழுந்து, தாள் குத்தக் குத்த வெறுங்காலோடு நடந்துபோய் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டெல்பின் போய் மறுபக்கம் உட்கார்ந்தாள். மெற்றில்டா போனாள். பிறகு ஒவ்வொருவராக, எந்த நாளும் யாரும் கால் வைக்காத அந்த நடுவிடத்துக்குப் போய், பள்ளத்தைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழிந்து தாள் மெல்ல நிமிர்ந்தது. தடம் ஒன்று எழுந்து நின்று, நொண்டியபடி, அடுக்களைப் பக்கமாக வெளியேறிப் போயிற்று.

டெல்பின் எழுந்து முந்தானையில் ஒட்டிய தாளைத் தட்டினாள். "மாஸ்டர், அது எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கஸ்பார் மாஸ்டருக்கு அந்தப் பக்கத்தில் பழைய கூட்டாளிகள் இருந்தார்கள். இடது காலை இழுத்து ஓடும் தமிழன், வயலில் இறங்கும்போது சிலுவை போட்டுக்கொள்கிறவன் என்று அடையாளம் சொன்னார். இரண்டு நாளில் ஊரின் பெயர் வந்தது. டெல்பின் வீட்டுச் சாவியை மெற்றில்டாவிடம் கொடுத்துவிட்டு மகளோடு குழித்துறையில் ரயில் ஏறினாள்.

மரக்கடைக்கு மேலே ஓர் அறையில் நாலு ஆட்டக்காரர்களோடு ததேயுஸ் தங்கியிருந்தான். மற்றவர்கள் இவர்களைப் பார்த்ததும் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவன் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலில் சுற்றிய துண்டிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டியது. சுவரில் ஆட்டத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் அவன் பெயர் இல்லை. வராமல் போன வில்சன் என்ற ஒருவனுக்குப் பதிலாக, வில்சன் என்ற பெயரிலேயே அவனை இறக்கியிருந்தார்கள்.

"யாரு சொன்னா?" என்று கேட்டான்.

"யாரும் சொல்லல்ல. கூடத்துல தாளு முளைச்சிருக்கு."

கேலி என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தான். ரியோனா அவன் முன்னால் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க பப்பா. குத்துனது." பிஞ்சுப் பாதம் முழுக்கப் பொடிப்பொடியான சிவப்புக் கீறல். அவன் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். பூட்ஸ் ஓட்டையான இடத்தில் அவனுக்கும் அதே கீறல்தான். மகளின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் வருசத்துலேருந்து."

"பெஞ்சுல இருந்தது?"

"தெரியும்."

"ஊருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

அவன் ஈரத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து கேட்டான்: "பிறகு ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?"

"நீங்களே சொல்லுவீங்க, அப்பக் கேட்டுக்கலாம்னு இருந்தோம்."

மிசோரத்தில் ஒரு கிளப் அவனைக் கேட்டிருந்தது. ஜூனுக்குள் முட்டு சரியாகிவிடும் என்றான், இன்னும் ஒரு சீசன் போதும் என்றான், இத்தனை வருடமாகச் சொன்ன அதே சொற்களில் சொன்னான். டெல்பின் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

"போறதுன்னா போங்க. ஆனா பெஞ்சுல இருந்தா பெஞ்சுல இருந்தேன்னு சொல்லுங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. இல்லன்னா இனிமே நான் அந்தத் தரையைப் பாக்க மாட்டேன். பாயை விரிச்சு மூடிட்டு என் வேலையைப் பாப்பேன்."

மறுநாள் அவர்களோடு அவனும் ரயில் ஏறினான். ஊர் வந்ததும் நொண்டிக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் நடந்து, வாசலுக்குப் போகாமல் ஜன்னலுக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டுமென்று. டைல்ஸ்தான் தெரிந்தது. ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டிருந்ததால் மெற்றில்டா கதவைத் திறந்துவிட, ஊர் உள்ளே வந்து, நாலு சுவரோரமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓர் ஆள்கூட இல்லை. அந்தக் காலியிடத்தைப் பார்த்தபோது அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர்கள் எழுந்து ஒவ்வொருவராக வெளியே வந்து, வந்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு புல் வரவில்லை. அவன் ஊரைவிட்டுப் போகவில்லை, ஆகவே வர வேண்டிய அவசியமும் இல்லை. மிசோரத்திலிருந்து மறுபடி கூப்பிட்டபோது முட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். டெல்பின் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் உள்ளதைச் சொன்னான், மருத்துவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான். அன்று முழுவதும் அவன் கடலுக்குப் போய்த் தனியாக நின்றான், சாப்பாட்டுக்கு வந்தான், சாப்பிட்டான்.

ஊருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலு மணியானால் கால்கள் தானாகவே அந்த வீட்டுக்கு வந்தன. வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, ஒன்றுமில்லாத டைல்ஸைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். முதல் இரண்டு வாரம் ததேயுஸ் அறைக்குள் கட்டிலில் படுத்துக் கிடந்தான். டெல்பின் அவனைக் கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றான்.

கஸ்பார் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "டே ததேயு, ஷில்லாங்ல ஒரு மேட்ச்சு. செப்டம்பர். மழை. செகண்ட் ஹாஃப்ல நீ அந்தச் செவுத்துப் பக்கம் ஓடிவந்து சடக்குன்னு நின்னுட்ட. அன்னையிலேருந்து யோசிக்கேன். பந்து எங்கடே இருந்துச்சு?"

ததேயுஸ் அவரைப் பார்த்தான். பிறகு குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் நடந்துபோய், சரியாக அந்த இடத்தில் நின்றான்.

"இங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினான். "மேல. மழையில பந்து வருதது தெரியல்ல. சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"ஆகா" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அதன்பிறகு கேள்விகள் நிற்கவில்லை. லூதியானாவில் துள்ளியது, புல் பிய்ந்து எழுந்தது, ஒரு முறை கூடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஓடியது. அவன் நொண்டி நொண்டி டைல்ஸில் நடந்து, நின்று, திரும்பி, எதிராளி எவ்வளவு உயரம் என்று காட்டி, பந்து எங்கே போயிற்று என்று சொன்னான். மூன்று வருடமாகக் கால்தடத்தை மட்டுமே பார்த்தவர்கள் அன்றுதான் பந்தைப் பார்த்தார்கள். டெல்பின் அடுக்களை நிலையில் நின்று, ஆறிப்போன தேநீரோடு, கேட்டாள்.

ரியோனா கேட்டாள்: "பப்பா, அன்னைக்குத் தாளுல ஏன் உக்காந்தீங்க?"

மெற்றில்டா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். ததேயுஸ் இருக்கட்டும் என்று தலையசைத்துவிட்டு, மெல்லக் காலை நீட்டி, கூடத்தின் நடுவில், கொஞ்சம் இடதுபக்கமாக உட்கார்ந்தான்.

"கால் வலியால உக்காரல்ல மக்களே" என்றான். "மைக்குல வில்சன், வில்சன்னு கத்துனாங்க. அது நான்தான்னு எனக்கு ஞாபகமே இல்ல. பந்து என்னைத் தாண்டிப் போச்சு. சரி, நான் யாருன்னு யோசிச்சேன். என் பேரு வரல்ல. சத்தியமா வரல்ல. அந்தச் சத்தத்துல, அத்தன பேரு நடுவுல, எனக்கு என் பேரு தெரியல்ல. பயந்து போயி உக்காந்துட்டேன். பிறகு தெரிஞ்ச பேரையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்தேன். மொதல்ல ரியோனா. பிறகு டெல்பின். மாஸ்டர் பேரு. சாமி பேரு. இந்தத் தெருவுல உள்ள பேரெல்லாம். மெற்றில்டா அக்கா பேரு."

"எம்பேருமா?" என்றாள் மெற்றில்டா.

"ஒங்க பேரு வந்த பொறவுதான் அக்கா, எம்பேரு வந்துச்சு. எந்திரிச்சேன்."

மெற்றில்டா எழுந்து, சேலையை உதறி இடுப்பில் செருகி, வாசல்வரை போய், அங்கே திரும்பி நின்றாள்.

"ஆட்டைக் கட்டணும், நேரமாவுது" என்றாள். பிறகு, "அன்னைக்கு நான் ஒனக்க பக்கத்துலதாம்லே உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.